பாறையில் புடைத்து நிற்கும் குழாய்கள்: கண்டல் வேரா, இறால் வளையா?

இசிபிங்கோ கரையோரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டர்பனுக்குத் தெற்கே நான் விடுமுறை நாட்களில் தூண்டில் போடச் செல்லும் கரையில், ஏற்ற நீர் எட்டும் கோட்டுக்கு ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் மேலே, காற்றும் அலைத்தூறலும் அரித்த ஒரு மணற்பாறைச் சுவர் நிற்கிறது. அதன் அடிப்பகுதியில் சுட்டுவிரல் பருமனிலிருந்து பெருவிரலைவிடச் சற்றுக் கூடுதலான பருமன் வரையுள்ள குழாய்கள், சில நிமிர்ந்தும் சில படுத்தும், பாறையை விட்டுப் புடைத்துத் தெரிகின்றன. அவற்றின் வெளிப்புறம் பாகற்காய்த் தோலைப்போலக் கரடுமுரடாகவும், உடைந்த இடத்தில் உட்புறம் வழவழப்பாகவும் இருக்கிறது. குழாயின் உள்ளே சுற்றியுள்ள பாறையைவிட வெளிறிய மணல் கெட்டிப்பட்டு நிறைந்துள்ளது. ஆங்காங்கே அவை இரண்டாகப் பிரிந்தாலும், பிரிந்த கிளைகள் மெலிந்துகொண்டே போகவில்லை.

அதே சுவரின் மேற்பகுதியில் இன்னொரு வகை உள்ளது. அவை வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல, கீழ்நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்து, இறுதியில் நூல் அளவுக்குப் பிரிந்து மறைகின்றன.

என் பெரியப்பா இரண்டையும் பார்த்துவிட்டு, எல்லாமே பழைய கண்டல் மரங்களின் வேர்கள்தான், இசிபிங்கோ ஆற்று முகத்தில் இன்றும் கண்டல் இருக்கிறதல்லவா என்கிறார். என்னுடன் மீன் பிடிக்கும் ஒருவரோ கீழே இருப்பவை இறால் வளைகள் கல்லானவை என்கிறார். இரண்டு வகையையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எவ்வாறு வேறுபடுத்துவது? வளைகள்தான் என்றால், அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? மேலும், என் மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக ஒரு சிறு துண்டைப் பெயர்த்து எடுத்து வரலாமா?

பாறைவாசகர்

கரையோரன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தையும் இரண்டு படங்களையும் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் நண்பர் கீழ்ப்பகுதியைப் பற்றியும் உங்கள் பெரியப்பா மேற்பகுதியைப் பற்றியும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பெரியப்பா சொல்வதில் கண்டல் என்ற ஒன்றை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

முதலில் மேற்பகுதி. மணல்மேட்டில் சிப்பித் தூள் நிறைய இருக்கும். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. செடியின் வேர் அந்த நீரை உறிஞ்சும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு வேரைச் சுற்றிப் படிந்து உறையாகிவிடுகிறது. வேர் மக்கிப் போன பிறகும் உறை நிற்கும். கீழே போகப்போக மெலிவதும், நூலாகப் பிரிவதும், வெள்ளை நிறமும், குறுக்கே உடைத்தால் வளையம் வளையமாகத் தெரிவதும் வேருக்கே உரிய அடையாளங்கள். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய நம் பிளஃப் மேட்டிலும் இந்தக் கரையின் பல இடங்களிலும் காற்று குவித்த மணல் இப்படிக் கல்லாகியிருக்கிறது. அது நிலத்துச் செடிகளின் வேராகவே இருக்க வேண்டும். கண்டல் சேற்றில் வளர்வது, மணல்மேட்டின் உச்சியில் வளர்வதில்லை.

கீழ்ப்பகுதியில் நிலைமை முற்றிலும் வேறு. நீங்கள் கவனித்த மூன்று செய்திகளும், அதாவது நெடுகிலும் ஏறக்குறைய மாறாத பருமன், வெளியே முண்டும் முடிச்சுமான சுவர், உள்ளே வழவழப்பு ஆகிய மூன்றும் ஒரே குழாயில் சேர்ந்து வந்தால், அதை ஒஃபியோமோர்ஃபா என்ற பெயரில் வகைப்படுத்துவது வழக்கம். 1891இல் லுண்ட்கிரென் சுவீடனில் கிடைத்தவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தார். இதைத் தோண்டியது யார் என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாகவே இருந்தது. 1964இல் வைமர், ஹோய்ட் என்ற இருவர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழும் கலியனாசா என்ற வளை இறாலின் வளைகளையும் கல்லான வளைகளையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே வகையான கட்டுமானம் என்று காட்டினார்கள். அதன் பிறகு, ஒஃபியோமோர்ஃபா கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஆழமற்ற கடல் அல்லது கடற்கரை என்று கொள்வது நிலவியலாளர்களின் நடைமுறை ஆயிற்று. ஆழ்கடல் படிவுகளிலும் அது கிடைப்பதுண்டு என்பதால், கூட இருக்கும் மற்ற சான்றுகளையும் பார்க்க வேண்டும்.

முடிச்சுகள் எதற்கு என்று கேட்பீர்கள். தளர்ந்த மணலில் தோண்டும் குழி உடனே சரிந்துவிடும். ஆகவே அந்த உயிரினம் சேற்றையும் மணலையும் தன் உடலில் சுரக்கும் பசையுடன் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கி, அவற்றைச் சுவரில் ஒவ்வொன்றாக உள்ளிருந்து அழுத்திப் பதிக்கிறது. உள்ளே தான் ஓயாமல் நடமாடும் பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்கிறது. வெளியே மணலுக்குள் அமிழ்ந்த பக்கம் உருண்டை உருண்டையாகவே நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் நிலத்தடி நீர் கொண்டுவரும் சுண்ணாம்போ இரும்புத் துருவோ சுவரிலும் உள்நிரப்பிலும் கூடுதலாகப் படிந்து, சுற்றியுள்ள மணலைவிட அவற்றைக் கெட்டியாக்குகிறது. காற்று அரிக்கும்போது மணல் போய்க் குழாய் நிற்பது அதனால்தான்.

இந்த இரண்டு வகையும் ஒரே சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கீழே கடல் நீருக்கடியில் இருந்த மணல், அதற்கு மேலே செடி முளைத்த மணல்மேடு. கடல் பின்வாங்கியதும், வெளிப்பட்ட கரை மணலைக் காற்று வாரிக் குவித்ததும் அந்தச் சில மீட்டர் உயரத்தில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. முடிந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை, அளவுகோலோ நாணயமோ வைத்து, படம் எடுத்துப் போடுங்கள்.

வலைக்காரர் பேரன்

ஐயா, உங்கள் விளக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கு முன் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். டர்பன் விரிகுடாவில் கரைவலை இழுத்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தாத்தா காலத்தில் இருந்த மணல்திட்டுகளில் பெரும்பகுதியைத் துறைமுகம் எடுத்துக்கொண்டுவிட்டாலும், எஞ்சியவற்றில் வாழும் வளை இறால்களைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். தூண்டில் இரைக்காக அவற்றைக் கைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்போம். மண்வெட்டியால் தோண்டுவதற்கு இந்நாட்டில் தடை உண்டு. அனுமதிச் சீட்டும் எண்ணிக்கை வரம்பும் இருக்கின்றன.

இங்கே இரண்டு வகை உண்டு. மணலில் வாழ்வது வெளிறிய உடலும், ஒரு பக்கம் மட்டும் பெருத்த கொடுக்கும் உடையது. சேற்றில் வாழ்வது சற்றுக் கருத்தது. சேற்று இறாலின் வளையை நான் பல முறை பிளந்து பார்த்திருக்கிறேன்; அதன் சுவர் உள்ளும் புறமும் மழமழவென்றுதான் இருக்கும், எந்த முடிச்சும் இராது. அப்படியானால் முடிச்சில்லாத வளை கல்லானால் அதை வேர் என்றோ வேறு ஏதோ என்றோ ஒதுக்கிவிடுவோமா? முடிச்சு இருந்தால் மட்டும்தான் இறால் என்று சொல்வது பொருத்தமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மணல் இறாலின் பெரிய வளையிலிருந்து மெல்லிய கிளைகள் பக்கவாட்டில் பிரிவதுண்டு. கிளை மெலிந்தால் வேர் என்ற விதி அங்கே நம்மை ஏமாற்றிவிடாதா?

பாறைவாசகர்

வலைக்காரர் பேரன் அவர்களே, இரண்டு கேள்விகளும் சரியான இடத்தைத் தொடுகின்றன. படித்தவர்கள் எழுதும் கையேடுகளில்கூட இந்த இடத்தில் அவசரமான முடிவுகளைப் பார்க்கிறேன்.

சுவட்டுப் புதைபடிவங்களுக்குச் சூட்டும் பெயர் அந்த உயிரினத்தின் பெயர் அன்று. அது விட்டுச் சென்ற வடிவத்தின் பெயர். ஒரே இறால், தளர்ந்த மணலில் தோண்டினால் உருண்டை பதித்த சுவரைக் கட்டும். அது கல்லானால் ஒஃபியோமோர்ஃபா. அதே இறால் தானாகவே நிற்கக்கூடிய சேற்றுக் கலவையில் தோண்டினால் பூச்சு வேலைக்கு அவசியமே இல்லை. முடிச்சற்ற அந்தக் கிளைக் குழாய்களுக்கு 1944இல் ஏரன்பெர்க் வைத்த தலாசினாய்டிஸ் என்ற பெயர் வழங்குகிறது. நிலம் இன்னும் இறுகியிருந்தால், கொடுக்கும் காலும் கீறிய கோடுகள் சுவரிலேயே பதிந்துவிடும். அதற்கு ஸ்பாஞ்சிலியோமோர்ஃபா என்று வேறொரு பெயர். ஒரே வலைப்பின்னலில் ஒரு பகுதி முடிச்சோடும் அடுத்த பகுதி முடிச்சின்றியும் இருந்ததைக் கண்டவர்கள் பலர். எனவே நீங்கள் பிளந்து பார்த்த சேற்று வளை கல்லானால் ஒஃபியோமோர்ஃபா ஆகாது. ஆனால் அதனால் அது வளை இல்லை என்று ஆகிவிடாது. கரையோரன் காட்டிய பாறையில் முடிச்சு இருப்பது, தோண்டிய உயிரினம் இன்னது என்பதைவிட, தோண்டப்பட்ட மணல் தளர்ந்து கிடந்தது என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறது. நண்டு, வளை இறால் என்ற பரந்த கூட்டத்தைச் சுட்டலாம். இனத்தின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் வளைக்குள் கொடுக்கு கிடைக்க வேண்டும். இவ்வகை இறால்களின் உடல் ஓடு மிக மென்மையானது, கல்லாவதற்குள் சிதைந்துவிடும். சுண்ணாம்பேறிய கொடுக்கு மட்டும் தப்பும். உலகெங்கும் இவற்றின் உடற்படிவங்களாகக் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பான்மை தனிக் கொடுக்குகள்தான்.

உங்கள் இரண்டாம் கேள்வி இன்னும் நுட்பமானது. தென்னாப்பிரிக்க மணல் இறாலின் குஞ்சுகள் பல கடல் உயிர்களின் குஞ்சுகளைப்போல நீரில் மிதந்து திரிவதில்லை. குறுகிய குஞ்சுப் பருவத்தைத் தாயின் வளைக்குள்ளேயே கழித்துவிட்டு, அந்தச் சுவரிலிருந்தே தமக்கான சிறு வளையைத் தோண்டத் தொடங்குகின்றன. ஆகவே பெரிய குழாயிலிருந்து மெல்லிய குழாய் பிரிவது நீங்கள் சொல்வதுபோல வளையிலும் நிகழும். வேறுபாடு இதுதான்: வேர் மெலிந்துகொண்டே போகும், தாய்க்கிளையும் மகள்கிளையும் சேர்ந்தே மெலியும். குஞ்சு தோண்டிய வளையோ தொடக்கத்திலேயே திடீரென்று சிறுத்து, அதன் பிறகு அதே பருமனில் நீளும். இதோடு, கிளை பிரியும் இடத்தில் குழாய் சற்று உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இறாலுக்குத் திரும்ப இடம் வேண்டும். வேருக்கு அப்படி ஒரு தேவை இல்லை.

சுற்றியுள்ள பாறையையும் பார்க்க மறக்க வேண்டாம். நம் நாட்டின் மேற்குக் கரையில் உள்ள லாங்கபான் கடற்கழியில் நடந்த ஓர் ஆய்வில், மணல் இறால்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ மணலைப் புரட்டி மேலே தள்ளுவதாகக் கணக்கிட்டார்கள். அவ்வளவு உழுத நிலத்தில் அலை அடுக்கிய மணல் வரிகள் எப்படிப் பிழைக்கும்? வளைகள் நெருங்கிய பாறையில் அடுக்குகள் குலைந்து, ஒரே கலவையாகத் தெரியும். வேர் ஊடுருவிய மணல்மேட்டுப் பாறையில், காற்று சாய்த்து அடுக்கிய வரிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கண்டல் பற்றி ஒரு சொல் சேர்த்துவிடுகிறேன், பெரியப்பாவின் கருத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டதாக இருக்கக் கூடாது. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்போல நிமிர்ந்து, ஏறக்குறைய ஒரே பருமனில் நிற்பவை. அவற்றின் படிவத்தைத் தனியாகக் கண்டால் ஐயம் வருவது இயல்பே. ஆனால் அவை கீழே படுத்த ஒரு நீள்வேரிலிருந்து வரிசையாக மேல்நோக்கி எழும். அவற்றைச் சுற்றி இருப்பது கரிய சேற்றுப் படிவாக இருக்கும், சிப்பித் தூள் கலந்த வெளிறிய மணலாக இராது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை

கடல் மட்டம் பற்றிய கேள்விக்கும், துண்டைப் பெயர்ப்பது பற்றிய கேள்விக்கும் நான் எழுதுகிறேன், ஏனெனில் மாணவர்களும் பெற்றோரும் இவற்றைத்தான் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

இன்றைய ஏற்ற நீர்க் கோட்டுக்கு மேலே கடல் இறால் வளை இருந்தால், அதைத் தோண்டிய காலத்தில் கடல் மட்டம் அதைவிட உயர்ந்திருக்க வேண்டும், அல்லது நிலம் பிறகு உயர்ந்திருக்க வேண்டும். நம் கிழக்குக் கரை அண்மைய புவியியல் காலத்தில் ஒப்பீட்டளவில் அசையாதது என்று கருதப்படுவதால், முதல் விளக்கமே பொருந்துகிறது. ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெப்பக் காலத்தில், உலகக் கடல் மட்டம் இன்றையதைவிட 6 முதல் 9 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ அருகில், இன்றைய மட்டத்துக்கு மேல் சுமார் 5, 6 மீட்டர் உயரத்தில் கடல் நின்றதைக் காட்டும் பழைய கரைப் படிவுகள் முன்பே ஆய்வு செய்யப்பட்டுள்ளன. கரையோரன் அண்ணன் காட்டிய சுவர் அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று நினைக்க இடம் உண்டு. படத்தை வைத்துக்கொண்டு அதற்கு வயது சொல்வது முறையாகாது. கதிரியக்கக் கரிமக் கணிப்பு சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. இத்தகைய மணலுக்கு, மணல் துகள்கள் மேல் கடைசியாக எப்போது வெளிச்சம் பட்டது என்று அளக்கும் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வளை, கடல் மட்டத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் காட்டும் அளவுகோல் அன்று. இவ்வகை வளைகள் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கக்கூடியவை. நீரோட்டமும் புயலும் அன்றைய கடல் தரையை அரித்து, வளையின் வாய்ப்பகுதியை அழித்துவிட்டு, அடிப்பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கும். நாம் காண்பது எந்த ஆழத்தின் மிச்சம் என்று தெரியாமல் உயரம் கணக்கிட முடியாது. எனினும் இங்கே நிமிர்ந்த குழாய்கள் மிகுந்திருக்கின்றனவா, படுத்த வலைப்பின்னல் மிகுந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும். அலை மோதி மணல் அடிக்கடி இடம் மாறும் கரையோரத்தில் நிமிர்ந்த தண்டுகளும், சற்று அமைதியான ஆழத்தில் படுத்த பின்னல்களும் மேலோங்குவது பொதுவான போக்கு.

துண்டைப் பெயர்க்கலாமா என்றால், கூடாது. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, அனுமதியின்றிப் புதைபடிவத்தை இருந்த இடத்திலிருந்து அகற்றுவதையும் சேதப்படுத்துவதையும் தடுக்கிறது. எலும்பும் சிப்பியும் மட்டுமல்ல, சுவடுகளும் அதில் அடங்கும். மகளுக்கு அளவெடுத்த படங்களும், அவளே வரைந்த சுவரின் குறுக்குத் தோற்றமும் துண்டைவிட நல்ல மதிப்பெண் பெற்றுத் தரும் என்பது ஓர் ஆசிரியையின் கணிப்பு.

இடையே ஒரு சிறு செய்தி, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் கண் விரியும்: போண்டோலாந்துக் கரையிலும் வடக்கே ஸூலூலாந்திலும் உள்ள கிரிட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) காலக் கடற்படிவங்களுக்கும், நம் முன்னோர் புறப்பட்ட மண்ணில் அரியலூர், திருச்சி வட்டாரத்தில் உள்ள அதே காலப் படிவங்களுக்கும் இடையே அம்மோனைட்டுகள் என்ற, சுருள் ஓடுடைய அழிந்துபோன கடல் உயிர்களில் நெருங்கிய ஒற்றுமை இருப்பதை ஆய்வாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார்கள்.

வலைக்காரர் பேரன்

ஆசிரியை அவர்களே, ஐயா அவர்களே, நன்றி. குஞ்சு வளை திடீரென்று சிறுக்கும் என்பது நான் பம்பு வைக்கும் இடத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. நம் நாட்டின் உள்நாட்டு வறள்நிலமான கரூவில் கிடைத்ததாக அருங்காட்சியகத்தில் திருகு படிபோலச் சுழன்று இறங்கும் ஒரு கல்வளையைப் பார்த்தேன். அதுவும் இறாலின் வேலையா?

பாறைவாசகர்

இல்லை. அது நிலத்தில் வாழ்ந்த டிக்டோடான் என்ற, பாலூட்டிகளின் முன்னோர் வழியைச் சேர்ந்த சிறு விலங்கின் வளையாக இருக்க வேண்டும். பெர்மியன் காலத்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. கடலிலும் சுழல் வளைகள் உண்டு, அவற்றுக்குக் கைரோலித்திஸ் என்று பெயர், அவற்றுட் பலவற்றை இறால் கூட்டமே தோண்டியதாகக் கருதுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருப்பதால் தோண்டியவரும் ஒருவரே என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இசிபிங்கோ கரையோரன்

அனைவருக்கும் மிக்க நன்றி. சுவரின் அடிப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் நடுவே, முழங்கை நீளத்துக்கு, குழாயும் இல்லாத வேரும் இல்லாத ஒரு பட்டை இருக்கிறது. அதில் மெல்லிய வரிகள் கடலை நோக்கி இலேசாகச் சரிந்து, உடைந்த சிப்பித் துண்டுகளோடு காணப்படுகின்றன. ஐயா கேட்ட இடைப்பட்ட பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஐந்து ரேண்ட் நாணயத்தை வைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். இதற்கு என்ன பொருள்? பெரியப்பாவும் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாறைவாசகர்

அருமையான படம். கடலை நோக்கிச் சற்றே சரிந்த மெல்லிய வரிகளும் உடைந்த சிப்பியும் சேர்ந்தால், அது அலை ஏறி இறங்கும் கரைச் சரிவு, அதாவது நாம் வெறுங்காலோடு நடக்கும் ஈர மணல். அங்கே ஒவ்வோர் அலையும் மணலைப் புரட்டுவதால் வளை நிலைப்பது அரிது; உப்பு நீர் படுவதால் செடியும் முளைக்காது. ஆகவே அந்தப் பட்டை வெறுமையாக இருப்பதே அது என்ன என்பதற்குச் சான்று. ஆசிரியை விளக்கிய கடல் மட்டத்துக்கும் வளைகளைவிட இந்தப் பட்டையே நெருக்கமான குறி: அன்றைய ஏற்ற நீர் இதன் மேல் விளிம்புக்கு அருகில் எங்கோ நின்றிருக்க வேண்டும். இன்றைய ஏற்ற நீர்க் கோட்டிலிருந்து இந்த விளிம்பு வரை உள்ள உயரத்தை, அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டிய ஒரு நாளில், அளவு நாடாவும் நீர்மட்டக் குழாயும் வைத்து அளந்து எழுதுங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள். சுவரின் குறுக்குத் தோற்றத்தை அவள் வரையும்போது மூன்று பட்டைகளையும் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம், மேலே இருப்பவை வேர்கள்தான் என்று நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்லலாம்.